“என்னைத் தெரியவில்லையா?”

கல்யாண வீட்டில் ஓர் அம்மாள் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, “என்னை யாரென்று தெரிகிறதா?” என்று கேட்கிறாள். பட்டுப் புடவை தெரிகிறது, வைரத் தோடு தெரிகிறது. ஆள்தான் யாரென்று தெரியவில்லை! அசட்டுச் சிரிப்புச் சிரித்துச் சமாளிக்கிறீர்கள். மனிதர்களை அடையாளம் கண்டுகொள்ளும் அந்த ஞாபகம் மூளையில் எங்கேதான் இருக்கிறது?

மூளையின் உட்புறத்தில், பக்கத்துக்கு ஒன்றாக, ‘ஹிப்போகாம்பஸ்’ என்ற பகுதி இருக்கிறது. கடற்குதிரையைப் போன்ற உருவம். அதனால் அந்தப் பெயர். 1953-ஆம் ஆண்டில், அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்ற இளைஞருக்கு, வலிப்பு நோய் தீருவதற்காக இருபுறமும் இதில் பெரும் பகுதியை வெட்டி எடுத்தார்கள். வலிப்பு தணிந்தது, ஆனால் புதிய ஞாபகம் அநேகமாக எதுவும் தங்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற விஞ்ஞானி பல வருஷங்கள் அவரைச் சந்தித்துப் பரிசோதித்தார். ஒவ்வொரு தடவையும் அந்த அம்மாள் அவருக்குப் புது மனுஷிதான்! பழைய நாளில் பழகிய பெற்றோரை மட்டும் அவர் மறக்கவில்லை.

இந்தக் கடற்குதிரைக்குள் சில அறைகள் உண்டு. இரண்டு பெரிய அறைகளுக்கு நடுவே, ரேழியைப் போல ஒரு சிறிய இடம், அதற்கு ‘ஸி.ஏ.2’ என்று பெயர். வெகு காலம் அதை யாரும் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. 2014-இல், நியூயார்க் கொலம்பியா சர்வகலாசாலையைச் சேர்ந்த ஹிட்டி, ஸீகல்பாம் என்ற இரு விஞ்ஞானிகள் சுண்டெலிகளின் மூளையில் அந்த ரேழியை மட்டும் வேலை செய்யாமல் நிறுத்திப் பார்த்தார்கள்.

சாதாரணச் சுண்டெலி, புதிய எலியைக் கண்டால் நெடுநேரம் முகர்ந்து பார்க்கும். மறுபடி அதையே கண்டால், ‘ஓ, நீதானா!’ என்பது போல் சீக்கிரம் விலகிவிடும். ரேழி அடைபட்ட எலியோ, சற்றுமுன் பார்த்த எலியையே புது விருந்தாளி என்று எண்ணி மறுபடியும் முகர்ந்தது! ஆனால் அதற்கு வழி மறக்கவில்லை. வாசனை அறியும் சக்தி போகவில்லை. முக்கியமாக, தன் இனத்தோடு கூடியிருக்கும் ஆசை கொஞ்சமும் குறையவில்லை.

பார்த்தீர்களா? ஆளைத் தெரிந்துகொள்வது வேறு, ஆளை நாடுவது வேறு!

மனிதரின் மறதிக்குக் காரணங்கள் பல. ஒரு சுண்டெலியை வைத்து எல்லாவற்றையும் தீர்மானித்துவிட முடியாது. ஆனாலும், வீட்டில் வயதான பாட்டி ஒரு நாள், “நீ யாரம்மா?” என்று கேட்டுவிட்டால், ‘இத்தனை பாசமும் பொய்யா?’ என்று மனம் நொந்து போகாதீர்கள். “நான்தான் பாட்டி, உன் பேத்தி” என்று சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பெயர் நினைவுக்கு வராமல் போகலாம். துணை வேண்டும் என்ற ஆசை அங்கே இருக்கக்கூடும் அல்லவா?