செகரட்டரி ஸ்கூட்டருக்கு அடியில் ஒரு கிணறு!

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்... நான் பி.காம்! சுற்றுச்சூழலுக்கும் எனக்கும் உள்ள சம்பந்தம், காலேஜில் கட்டாயப் பாடமாக வைத்த ஒரே ஒரு பேப்பரில் நாற்பத்திரண்டு மார்க் வாங்கித் தேறியதோடு சரி. (பாஸ் மார்க் நாற்பது. அந்த ரெண்டு மார்க்கைப் போட்ட புண்ணியவான் எங்கிருந்தாலும் நல்லா இருக்கட்டும்!) யாராவது 'பூமியைக் காப்பாற்றுவோம்' என்று ஆரம்பித்தால், மெதுவாக டீக்கடைப் பக்கம் நழுவுகிற ரகம்.

அப்படிப்பட்டவன் இன்றைக்கு அரிசி களைந்த தண்ணீரை வாளியில் பிடித்து வைக்கிறேன். காய்கறித் தோலை மண் தொட்டியில் போட்டுக் கிளறுகிறேன். "நீங்க நல்லாத்தானே இருந்தீங்க?" என்று என் சகதர்மிணியே சந்தேகத்தோடு கேட்கிறாள்.

எல்லாம் 2019-ல் ஆரம்பித்தது.

அந்த வருஷ ஜூன் மாசத்தைச் சென்னைவாசிகள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று நாலு ஏரியையும் சேர்த்துப் பார்த்தால் மொத்தக் கொள்ளளவில் ஒரு சதவிகிதம் தண்ணீர்கூட இல்லை. சில ஐ.டி. கம்பெனிகள், 'ஆபீஸுக்கு வராதீங்கப்பா, வீட்டிலேயே உட்கார்ந்து வேலை பாருங்க' என்று கும்பிடு போட்டுவிட்டன. (கொரோனாவுக்கு முன்னாலேயே நமக்கு ஒத்திகை!) சில ஹோட்டல்களில் மதியச் சாப்பாடு கட். ஜூலை 12-ம் தேதி, ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர், ரயிலேறி வில்லிவாக்கம் வந்து இறங்கியது.

இதில் கொடுமை என்னவென்றால், இதே ஊர்தான் 2015 டிசம்பரில் முதல் மாடி வரைக்கும் முழுகி, போட்டில் போனது!

நாங்கள் இருப்பது திருவான்மியூரில், கடலுக்குப் பக்கத்தில் உள்ள பழைய ஃப்ளாட். எட்டு வீடு, லிஃப்ட் கிடையாது. அப்பா ரிடையர்மென்ட் பணத்தில் வாங்கிப் போட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அந்தக் கோடையில் எங்கள் போர்வெல் முதலில் உப்புத் தண்ணீர் கொடுத்தது. அப்புறம் காற்று கொடுத்தது. அப்புறம் அதையும் நிறுத்திக்கொண்டது. லாரிக்குப் பதிவு பண்ணினால் இருபது நாள் காத்திருக்க வேண்டும். தனியார் லாரி உடனே வரும், பன்னிரண்டாயிரம் லிட்டர் ஐயாயிரம் ரூபாய் என்பான். "போன வாரம் நாலாயிரம்தானே?" என்று கேட்டால், "அது போன வாரம் ஸார்" என்பான். பதில் சொல்ல முடியாத லாஜிக்!

ஒரு நாள் காலையில் நான் ஆபீஸ் கிளம்பிப் போன பிறகு, தெருமுனை டேங்கில் தண்ணீர் விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள். அறுபத்தாறு வயசு. ரெண்டு நடை வந்தாயிற்று. மூணாவது நடையில், ரெண்டாவது மாடித் திருப்பத்தில், சிந்தின தண்ணீரிலேயே வழுக்கி விழுந்துவிட்டாள். வலது மணிக்கட்டு எலும்பு முறிவு. நான் அலறியடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினால், கையில் கட்டோடு உட்கார்ந்துகொண்டு அம்மா என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "அந்தக் குடத்துத் தண்ணி அப்படியே போயிடுத்தாடா?"

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அசோசியேஷன் மீட்டிங். வழக்கமாக இந்த மீட்டிங்கில் மூன்று விஷயம் பேசுவோம். யார் பால்கனியிலிருந்து சொட்டும் துணி யார் தலையில் விழுகிறது, வாட்ச்மேன் ஏன் தூங்குகிறார், பார்க்கிங். நான் எழுந்து, "நம்ம பில்டிங்ல மழைநீர் சேகரிப்பு இருக்கே, அது என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

செகரட்டரிக்கு மூக்குக்கு மேல் கோபம். ரிடையர்ட் ஆபீஸர். "தம்பி! 2003-ல அவசரச் சட்டம் போட்டு எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமாக்கினாங்க பாருங்க, அப்பவே போட்டாச்சு. இன்ஸ்பெக்ஷன் வந்து ஓகே பண்ணிட்டாங்க!" என்றார்.

"அதுல தண்ணி போகுதா ஸார்?"

"குழாய் இருக்குல்ல?"

குழாய் இருந்தது, ஸார். மொட்டை மாடியிலிருந்து அம்சமாக இறங்கி, சிமென்ட் தரைக்குள் நுழைந்தது. பிளம்பரைக் கூட்டி வந்து தோண்டிப் பார்த்தோம். ஒன்றரை அடி ஆழத்தில் குழாய் முடிந்துவிட்டது. குழி இல்லை, ஜல்லி இல்லை, மணல் இல்லை. மண்ணில் சொருகி, மேலே பூசிவிட்டிருந்தார்கள். பதினாறு வருஷமாக நாங்கள் சேகரித்தது மழைநீரை அல்ல, ஒரு குழாயை!

செகரட்டரி அந்தக் குழியையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

அப்போதுதான் கிரவுண்ட் ஃப்ளோர் மாமி அந்த குண்டைப் போட்டாள். "இந்த இடத்துல தனி வீடா இருந்தப்போ பின்னாடி ஒரு கிணறு இருந்துது. ஃப்ளாட் கட்டறச்சே ஸ்லாப் போட்டு மூடிட்டா. அதோ... செகரட்டரி ஸ்கூட்டர் நிக்கறதே, அதுக்குக் கீழே!"

ஸ்கூட்டரை நகர்த்தினோம். (அதற்கே அரை மணி நேரம் பேச்சுவார்த்தை. பார்க்கிங் உரிமை என்பது நம் ஊரில் பூர்வீகச் சொத்து மாதிரி!) ஸ்லாப்பை உடைத்தால், அழகான உறைக்கிணறு. இருபத்திரண்டு அடி. எலும்பாய் வறண்டு கிடந்தது.

தூர் வார வந்தவர் உடனே இறங்கவில்லை. "வருஷக்கணக்கா மூடின கிணறு ஸார். உள்ளே காத்து கெட்டிருக்கும், ஆளை முடிச்சிடும்" என்று சொல்லி ரெண்டு நாள் திறந்து போட்டு, உள்ளே காற்று அடிக்க ஃபேன் வைத்து, இடுப்பில் கயிறு கட்டி, மேலே ரெண்டு பேரை நிற்க வைத்துவிட்டுத்தான் இறங்கினார். நீங்கள் யாராவது இந்தக் கட்டுரையைப் படித்த உற்சாகத்தில் பழைய கிணற்றில் குதிக்கக் கிளம்பினால், தயவுசெய்து இந்தப் பாராவை இன்னொரு தடவை படியுங்கள். உள்ளேயிருந்து வந்தவை: ரப்பர் பந்து பதினொன்று, எவர்சில்வர் டம்ளர் மூன்று, ஒரு பித்தளைச் சொம்பு. சொம்புக்கு மூன்று வீட்டார் சொந்தம் கொண்டாடினார்கள்.

மாடிக் குழாய்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து, ஜல்லியும் மணலும் போட்ட ஒரு தொட்டி வழியாகக் கிணற்றில் விட்டோம். முதல் மழையின் அழுக்குத் தண்ணீரை வெளியே தள்ள ஒரு வால்வு. இந்த வித்தையெல்லாம் எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. டாக்டர் சேகர் ராகவன் என்கிறவர் சென்னையில் வீடு வீடாகப் போய் இதைத்தான் வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். 2002-லேயே இதற்கென்று 'ரெயின் சென்டர்' என்று ஒன்று தொடங்கியவர். கடலோர மணல் பூமியில் மழைத் தண்ணீரை உள்ளே இறக்கினால், அது நிலத்தடி உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கும், எடை குறைவு. ஆழமாக போர் போட்டு உறிஞ்சினால் கடல் உள்ளே வரும். ஆழமில்லாத கிணறுதான் எங்கள் ஏரியாவுக்கு லாயக்கு. எங்கள் தாத்தாக்களுக்குத் தெரிந்த விஷயம். ஃப்ளாட் கட்டினவருக்குத் தெரியவில்லை.

மொத்தச் செலவு முப்பத்தெட்டாயிரம். எட்டு வீட்டுக்கு வகுத்தால் தலைக்கு 4,750. மூன்றாவது மாடி ஆசாமி, "மழை வரலைன்னா பணம் வாபஸ் உண்டா?" என்று கேட்டார். நான் கால்குலேட்டரை எடுத்தேன். பி.காம். ஸார், இதிலாவது பிரயோஜனப்பட வேண்டாமா?

ஒரு சதுர மீட்டர் தளத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். எங்கள் மொட்டை மாடி 2,400 சதுர அடி, அதாவது சுமார் 223 சதுர மீட்டர். சென்னையில் சராசரியாக வருஷத்துக்குச் சுமார் 1,400 மி.மீ. பெய்கிறது. பெருக்கினால் மூன்று லட்சம் லிட்டருக்கு மேல்! ஐந்தில் ஒரு பங்கு வீணாகப் போகட்டும், இரண்டரை லட்சம் நிற்கும். இருபது லாரி! அந்த ஜூன் மாச ரேட்டில் ஒரு லட்சம் ரூபாய்! மூன்றாவது மாடி மறுபேச்சு இல்லாமல் செக் எழுதினார்.

ஆனால் வரவு மட்டும் எழுதினால் அது பேலன்ஸ் ஷீட் ஆகாதே? செலவுப் பக்கம் பார்த்தபோதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. எட்டு வீட்டில் முப்பத்திரண்டு பேர். ஆளுக்கு 135 லிட்டர் என்பது சர்க்கார் கணக்கு. நாள் ஒன்றுக்கு 4,320 லிட்டர். இரண்டரை லட்சம் லிட்டர் என்பது ஐம்பத்தெட்டு நாளைக்குத்தான்! வானத்திலிருந்து விழுகிற அத்தனையையும் பிடித்தாலும் ரெண்டு மாசம். மீதி பத்து மாசத்துக்கு?

அங்கேதான் வீட்டுக்குள்ளே என் அராஜகம் ஆரம்பித்தது.

எங்கள் பாத்ரூம் குழாய் வெகு நாளாகச் சொட்டிக்கொண்டிருந்தது. ராத்திரி பத்து மணிக்கு அடியில் ஒரு பக்கெட்டை வைத்தேன். காலை ஆறு மணிக்கு அரை பக்கெட்! வாஷர் மாற்ற ஆன செலவைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஒரு காபி விலை. ஷவரைக் கழற்றினேன் (மைத்துனன் அதற்கப்புறம் எங்கள் வீட்டில் தங்குவதில்லை; இரட்டை லாபம்). ஆர்.ஓ. மெஷினில் ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு மூன்று குடம் வரைக்கும் சத்தமில்லாமல் சாக்கடைக்குப் போகிறது. அந்தக் குழாயை ஒரு வாளிக்குத் திருப்பினேன். வீடு துடைக்க, டாய்லெட்டுக்கு ஊற்ற அதுதான். செடிக்கு மட்டும் ஊற்றாதீர்கள், உப்பு ஜாஸ்தி. என் துளசி ஒன்று அப்படித்தான் சிவலோகம் போனது.

அடுத்து குப்பை. சென்னையில் தினம் ஐயாயிரம் டன்னுக்கு மேல் குப்பை சேர்கிறது. எல்லாம் கொடுங்கையூருக்கும் பெருங்குடிக்கும் போய் மலையாகக் குவிந்தது. பெருங்குடிக் குப்பை உட்கார்ந்தது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில். மழைத் தண்ணீரைக் குடித்து ஊரைக் காப்பாற்ற வேண்டிய இடம் அது! நம் வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் சமையலறைச் சமாசாரம் என்பதால் மண் தொட்டி வாங்கினேன். முதல் மாதம் படுதோல்வி. தொட்டியில் புழு நெளிந்தது. வாசனை பக்கத்து வீட்டு விருந்தாளிகளை விரட்டியது. "இதை வெளியே வைக்கறீங்களா, இல்லே நான் வெளியே போகட்டுமா?" என்று அல்டிமேட்டம் வந்தது.

காப்பாற்றியது அம்மாதான். இடது கையாலேயே ஒரு குச்சியை வைத்துக் கிளறிப் பார்த்துவிட்டு, "ஈரம் ஜாஸ்திடா. காய்ஞ்ச சருகு போடு. கொஞ்சம் புளிச்ச மோர் தெளி" என்றாள். வாட்ச்மேன் தினமும் கூட்டி எரித்துக்கொண்டிருந்த சருகு அப்படியே தொட்டிக்கு வந்தது. ரெண்டே மாசத்தில் கறுப்பாக, மழை பெய்த மண் வாசனையோடு உரம்! இப்போது எட்டில் ஐந்து வீட்டில் தொட்டி இருக்கிறது. மூன்றாவது மாடி மட்டும் இன்னும் சேரவில்லை. அவருக்கு இதில் லாபம் எவ்வளவு என்று என்னால் கணக்குக் காட்ட முடியவில்லை.

அவரை வேறு விதத்தில் மடக்கினேன். கரண்ட் பில்! 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி, ரெண்டு மாசத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால், 101-லிருந்து 200 யூனிட் வரைக்கும் 2.25 ரூபாய் இருந்தது அப்போது 4.50 ஆனது. அதாவது, அன்றைக்கு அந்த 501-வது யூனிட்டின் விலை எட்டு ரூபாய் இல்லை ஸார், இருநூற்று முப்பத்து மூன்று ரூபாய்! கேட்டவுடன் மனிதர் ஓடிப்போய் ஏ.ஸி.யை 18-லிருந்து 25-க்குத் தள்ளினார்.

மஞ்சப்பைக் கதையையெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை. ஆபீஸ் பையில் ஒன்றை மடித்து வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். ஒரு தடவை பார்ட்டி ஒருவரிடம் ஃபைலை எடுக்கிறேன் பேர்வழி என்று முருங்கைக்காயை உருவி நீட்டிவிட்டேன்.

கிணறு? 2019 அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை இறங்கியது. நவம்பர் கடைசியில் எட்டிப் பார்த்தால் ஏழு அடி தண்ணீர். செகரட்டரி ஒரு டம்ளரில் மொண்டு வாயில் விட்டுப் பார்த்து, "உப்பே இல்லை, தம்பி!" என்றார். குரல் என்னவோ மாதிரி இருந்தது. அடுத்த கோடையில் லாக்டவுன். முப்பத்திரண்டு பேரும் இருபத்து நாலு மணி நேரமும் வீட்டிலேயே கிடந்தோம். போரையும் கிணற்றையும் மாற்றி மாற்றி ஓட்டி, லாரி வாங்காமல் ஒப்பேற்றிவிட்டோம். எல்லா வருஷமும் அப்படி இல்லை. 2024 கோடையில் ஆறு லாரி வாங்கினோம். இருபது இல்லை, ஆறு.

அம்மாவின் மணிக்கட்டு முழுசாகச் சரியாகவில்லை. இப்போதும் ஜாடி மூடியைத் திறக்க என்னைத்தான் கூப்பிடுவாள்.

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி. மணி மூன்று இருக்கும். அம்மா தோளைத் தட்டி எழுப்பினாள். "டேய், மழை ஆரம்பிச்சுடுத்து. போய் வால்வைத் திற. அழுக்கெல்லாம் கிணத்துக்குப் போயிடப் போறது."

லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கீழே ஓடினேன். வால்வுக்குப் பக்கத்தில் ஏற்கெனவே ஒரு குடை, ஒரு டார்ச் லைட். நடுவில் செகரட்டரி.

"என்ன தம்பி, லேட்டு?" என்றார்.