பேசாத பக்கங்கள்

குமாரசாமிப் புலவர் பிறந்து தமிழ் வளர்த்ததும், 1930இல் நா. பொன்னையா அவர்கள் ஈழகேசரிப் பத்திரிகையைத் தொடங்கியதும், புன்னாலைக்கட்டுவன் கணேசையரின் குறிப்புகளோடு தொல்காப்பிய எழுத்ததிகாரம் 1937இல் அச்சேறியதும் சுன்னாகத்திலேதான். அச்செழுத்தோடு இத்தனை சம்பந்தமுள்ள ஊரிலே, ஆயுள் முழுவதும் தமிழ் படிப்பித்து ஓய்வுபெற்று, பின்னர் குளுக்கோமா என்னும் கண்நோயினாற் பார்வையை முற்றாக இழந்த மாஸ்டர் ஒருவர், "தம்பி, புத்தகம் வாசிச்சுக் காட்டிற மெசின் எல்லாம் வந்திட்டுதாமே, எனக்கு எது தோதுப்படும் எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லும்" என்று என்னிடம் கேட்டார். கேள்வி மிக எளிது என்றே அன்று நான் எண்ணினேன்.

முதலிற் செய்த பிழையைச் சொல்லிவிடுகிறேன். பேசும் வசதி உண்டு என்ற விற்பனையாளரின் வார்த்தையை மட்டும் நம்பி, மின்னூல் படிப்பான் ஒன்றை வாங்கி, ஆசையோடு மாஸ்டரின் கையிலே கொடுத்தேன். ஆங்கிலப் பக்கத்தை அது மணியாக வாசித்தது. தமிழ்ப் பக்கத்தைத் திறந்தவுடன் வாயடைத்துப்போயிற்று. மாஸ்டர் ஒன்றும் சொல்லாமல் அதன் ஓரங்களைத் தடவிப் பார்த்துவிட்டு மேசையிலே வைத்தார். அந்த மௌனம் எனக்கு இன்றும் உறுத்துகிறது.

இத்தகைய கருவிகளின் சரித்திரமே பார்வையற்றவருக்கு அவ்வளவு அனுகூலமாக இருக்கவில்லை. 2009இல் வெளிவந்த இரண்டாவது கிண்டில் படிப்பானுக்கு நூலைச் சத்தமிட்டு வாசிக்கும் ஆற்றல் இருந்தும், அதன் பட்டியல்கள் பேசாதபடியால், அக்குரலை இயக்குமிடத்தைக் கண்டுபிடிப்பதற்கே கண் வேண்டியிருந்தது. போதாக்குறைக்கு, ஒலிநூலுக்கு வேறு உரிமை உண்டென்று அமெரிக்க எழுத்தாளர் சங்கம் ஆட்சேபிக்கவே, எந்த நூலின் வாயையும் அடைத்துவிடும் அதிகாரம் பதிப்பாளருக்குக் கொடுக்கப்பட்டது. ஆகவே குரல் உண்டா என்று கேட்பதோடு நில்லாமல், பெட்டியைத் திறந்த கணத்திலிருந்து பிறர் உதவியின்றி அதனை இயக்க முடியுமா, தமிழ்ப் பக்கம் ஒன்றை நம் முன்னிலையிலே வாசித்துக் காட்டுமா என்பவற்றையும் கடையிலேயே பரீட்சித்தறிய வேண்டும்.

ஆயினும், கருவியைக் காட்டிலும் அதற்குள் இடப்படும் பிரதியே முக்கியமானது என்பதுதான் இந்த முயற்சியிலே நான் கற்ற பாடம். திரைவாசிப்பான் என்னும் மென்பொருள் எழுத்தின் வடிவத்தைப் பார்ப்பதில்லை. ஒவ்வோர் எழுத்துக்கும் கணினியிலே உரிய குறியெண்ணை அறிந்தே அதனை ஒலியாக்குகின்றது. நம் நாட்டிலே நெடுங்காலம் வழங்கிய பாமினி எழுத்துருவிலே தட்டச்சான கட்டுரையொன்றை மாஸ்டரின் கணினியிலே இட்டோம். அதிலே 'அம்மா' என்ற சொல் திரையிலே அம்மாவாகவே தோன்றினும், உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளே ஆதலால், ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லும்படி கேட்டபோது, "எம், கே, அரைப்புள்ளி, கே, எச்" என்றது இயந்திரம். யூனிகோட் முறைக்கு மாற்றிய பின்னர் அதே கட்டுரை நல்ல தமிழிலே பேசிற்று.

படமாக வருடப்பட்ட நூல்களோ இதனினும் பெரிய தடை. 2005இலே தொடங்கிய 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் பக்கம் பக்கமாக வருடிக் காப்பாற்றி வருவது நம் சமூகம் செய்த மகத்தான காரியங்களுள் ஒன்று. 1981இலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததை அறிந்தவருக்கு இப்பணியின் அருமையை விளக்க வேண்டியதில்லை. ஆனால் வருடிய பக்கம் ஒரு நிழற்படமே. கண்ணுள்ளவருக்கு அது புத்தகம், திரைவாசிப்பானுக்கோ வெறுந்தாள். 1998இலே ஆரம்பித்த மதுரைத் திட்டத்தார் இலக்கியங்களை எழுத்தாகவே தட்டச்சிட்டு வைத்தமையால், அவர்களுடைய யூனிகோட் பிரதிகள் தடையின்றிப் பேசுகின்றன.

முடிவிலே மாஸ்டருக்கு உகந்ததாக அமைந்தது தனிக் கருவி ஒன்றுமன்று. மகள் வாங்கிக் கொடுத்திருந்த சாதாரண அன்ட்ரோயிட் கைத்தொலைபேசிதான். டோக்பாக் என்னும் வசதியை இயக்கி, தமிழ்க் குரலைத் தெரிந்து கொடுத்ததும், விரலால் ஒருமுறை வலப்புறம் தள்ளினால் அடுத்த உருப்படி, இரண்டுமுறை தட்டினால் திறப்பு என்னும் அளவிலே ஒரு கிழமைக்குள் பழகிக்கொண்டார். கணினி உள்ளவருக்கு, 2006இலே அவுஸ்திரேலியாவில் ஆரம்பமான என்.வி.டி.ஏ. என்னும் திரைவாசிப்பான் இலவசமாகவே கிடைக்கிறது. வழுக்கும் கண்ணாடித்திரை ஒத்துவராத முதியவருக்குப் பொத்தான்கள் உள்ள டெய்சி ஒலிநூற் கருவி சௌகரியமானது.

படிக்கின்ற பிள்ளைகளின் விஷயம் வேறு. நம்மூர் வாழ்வகத்தைப் போன்ற விழிப்புலனற்றோர் இல்லங்களிலே வளரும் பிள்ளைக்கு, கேட்கும் கருவி ஒன்றே போதும் என்று நினைப்பது பெருந்தவறு என்பது என் உறுதியான அபிப்பிராயம். எங்கள் பேச்சிலே ழகரமும் ளகரமும் பெரும்பாலும் ஒன்றாகவே ஒலிப்பதால், செவியினால் மாத்திரம் தமிழ் கற்ற பிள்ளை பரீட்சையிலே எழுத்துப்பிழை விடுவது திண்ணம். பிரெயில் புள்ளிகளைத் தடவிப் படிக்கும்போதுதான் சொல்லின் எழுத்து விரலிலே பதிகின்றது. காகிதப் பிரெயில் நூலின் கனத்தைத் தவிர்க்க, ஊசிமுனைகள் எழுந்து தாழ்ந்து வரியை மாற்றிக்கொண்டேயிருக்கும் மின்பிரெயில் கருவிகள் உள்ளன. ஓர்பிட் ரீடர் 20 என்பதிலே ஒரு வரிக்கு இருபது கட்டங்கள். அவற்றின் விலை ஒரு குடும்பத்துக்குப் பாரமாதலால், பாடசாலைகளே வாங்கி வைப்பதுதான் நியாயம்.

நூல்களை இவ்வாறு ஒலியாகவும் பிரெயிலாகவும் மாற்றுவதற்குப் பதிப்புரிமை தடையாகாதிருக்க 2013இலே மராக்கேஷ் நகரில் ஒப்பந்தம் நிறைவேறியது. இலங்கையும் 2016இலே அதிற் சேர்ந்துகொண்டது. இனி வேண்டுவது மாற்றுகின்ற கைகள். சென்ற மாதம் பழைய ஈழகேசரிப் பக்கமொன்றைக் கூகிளின் எழுத்துணரி மூலம் எழுத்தாக்கி மாஸ்டருக்குப் போட்டுக் காட்டினேன். நாலாவது வாக்கியத்திலே கையை உயர்த்தினார். "உதிலை ஏதோ பிழைக்குது, திருப்பிப் போடும்." பார்த்தால், துதிக்கை போட்ட பழைய 'லை'யை இயந்திரம் வேறோர் எழுத்தாகக் கொண்டிருந்தது. அவர் சொல்லச் சொல்ல நான் திருத்தினேன். பொழுதுபடுமுன் இரண்டு பத்திகள் முடிந்தன. மூன்றாவது பத்திக்கு நாளைக்கு விடியவே வரச்சொன்னார்.