தூக்குக் கம்பி அறுந்ததற்காக வண்டியைக் கழிக்க வேண்டுமா?

ஐப்பசி மழை இரண்டு முறை கொட்டி ஓய்ந்ததும் கொய்யா வரிசைகளுக்கு நடுவே புல் முழங்கால் உயரம் வந்துவிட்டது. பூந்தமல்லிக்கு மேற்கே, நேமம் ஏரிப் பக்கம் விவசாயம் செய்கிறவர்களுக்குத் தெரியும். இந்தப் பருவத்தில் ஒரு வாரம் அசந்தால் கோரையும் அருகும் தோட்டத்தை எழுதி வாங்கிக்கொள்ளும். நமக்கு அது களை இல்லை, மூடாக்கு. வெட்டி மரத்தடியில் போட்டால் மாசி, பங்குனியில் தண்ணீர் எவ்வளவு மிச்சமாகிறது என்பதை நம்மாழ்வார் ஐயா வழியில் வந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வெட்ட வேண்டுமே!

வெட்டுவதற்கு என்னிடம் இருப்பது ஒரு பழைய தோட்ட டிராக்டர். உட்கார்ந்து ஓட்டுகிற சின்ன வண்டி. வயிற்றுக்கு அடியில் பிளேடு சுழலும் இரும்புத் தட்டு தொங்கும். ஒரு தொழிற்சாலையின் புல்வெளியில் ஓடிக் களைத்து ஏலத்துக்கு வந்தபோது வாங்கினேன். சீட்டுக்குப் பக்கத்தில் உள்ள நெம்புகோலை இழுத்தால் ஒரு எஃகுக் கம்பிக் கயிறு இரண்டு கப்பிகளைச் சுற்றி வந்து தட்டைத் தூக்கும். வரப்பு வந்தால் தூக்க வேண்டும், வரிசைக்குள் நுழைந்ததும் இறக்க வேண்டும். ஒரு நாளைக்கு நூறு தடவையாவது இந்த வேலை நடக்கும்.

அந்தக் கயிறுதான் அறுந்தது. 'டப்' என்று ஒரு சத்தம், தட்டு தரையில் உட்கார்ந்துவிட்டது.

உதிரிபாகம் விற்பவரைக் கேட்டேன். அந்த மாடலே நின்றுவிட்டதாம். "இதுக்குப் போய் செலவு பண்ணாதீங்க சார், புது வண்டி பாருங்க" என்றார். பக்கத்துத் தோட்டத்துக்காரரோ இன்னும் எளிய வழி வைத்திருந்தார். "எங்கிட்ட அரை கேன் மருந்து கீது சார். ஒரே நாள்ல எல்லாம் கருகிடும்." அவர் மருந்து என்று சொன்னது கிளைபோசேட். பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் செய்பவர்கள் மட்டுமே அதைத் தெளிக்கலாம் என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் கட்டுப்படுத்திய பொருள். ஆறு வருடமாக ஒரு சொட்டு படாத மண். ஒரு முழக் கம்பிக்காக அதை விட்டுக்கொடுப்பதா?

அன்று ராத்திரி எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. வங்கியில் இருந்தபோது டிராக்டருக்கும் பவர் டில்லருக்கும் எத்தனையோ கடன் கோப்புகளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நில ஆவணம், ஜாமீன், மார்ஜின் எல்லாம் பார்த்தேன். "பத்து வருஷம் கழித்து இதற்கு ஒரு கம்பி கிடைக்குமா?" என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

முதலில் அவசரப்பட்டேன். பூந்தமல்லியில் ஒரு டூவீலர் கடையில் பைக் கிளச் ஒயரை அளவாக வெட்டி, முனையில் பித்தளை மொட்டு வைத்து ஈயம் ஊற்றி வாங்கிவந்தேன். மூன்றாவது தடவை தூக்கும்போது மொட்டு கழன்று கையோடு வந்தது. இரண்டு தப்பு. விரலால் இழுக்கிற கிளச்சுக்கு உள்ள ஒயர் நாற்பது கிலோ தட்டைத் தூக்கும் என்று நினைத்தது என் தப்பு. ஈயம் வைத்ததிலும் தப்பு இருந்தது. பவர் வீடர் வைத்திருப்பவர்கள் இதைக் கவனித்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு கிளச் ஒயர் அடிக்கடி போகும். ஒயரை மொட்டுக்குள் நுழைத்த பிறகு, அதன் இழைகளைப் பூ மாதிரி விரித்துவிட்டுத்தான் ஈயம் ஊற்ற வேண்டும். விரிந்த பூ மொட்டின் குழிக்குள் அடைத்துக்கொண்டு நிற்கும். நேராக வைத்து மேலே ஒரு சொட்டு ஈயம் விட்டால், பிடிப்பு அந்தச் சொட்டுக்கு மட்டும்தான். ரொம்ப நேரம் சூடு காட்டினாலும் எஃகு இழை பலம் இழந்துவிடும்.

அப்புறம்தான் அம்பத்தூர் போனேன். 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸ் வந்த ஊர் அது. எஸ்டேட்டைச் சுற்றி இன்றும் சந்துக்குச் சந்து லேத் பட்டறை. ஒரு சிறிய பட்டறையில் இருந்த பெரியவர் அறுந்த முனையை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கம்பி மேல தப்பு இல்ல சார். வண்டில கப்பி சுத்துதா?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து கையால் சுற்றிப் பார்த்தேன். முன் கப்பி சுற்றவே இல்லை. சேறும் துருவும் புகுந்து அச்சோடு இறுகிக் கிடந்தது. கம்பி அதன்மேல் உருளாமல் தேய்ந்துகொண்டே போயிருக்கிறது. நைலான் கப்பியின் பள்ளத்தில் கத்தி வைத்து அறுத்தது போல ஆழமான கோடு. கிணற்று ராட்டினம் இறுகிப்போனால் கயிறு என்ன கதி ஆகும் என்று நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். எனக்குத்தான் இரும்பில் வந்தபோது தெரியவில்லை.

கம்பிக் கயிறு பெரும்பாலும் பாரம் தாங்காமல் அறுவதில்லை, வளைந்து வளைந்து அறுகிறது. 4 மி.மீ. கயிறு பல நூறு கிலோ இழுவையைத் தாங்கும். ஆனால் ஒரே இடம் ஆயிரக்கணக்கான தடவை வளைந்து நிமிர்ந்தால் இழைகள் ஒவ்வொன்றாக முறியும். இதை முதலில் கவனித்தவர்களில் ஒருவர் ஜெர்மனியின் ஹார்ஸ் மலைச் சுரங்கங்களில் அதிகாரியாக இருந்த வில்ஹெல்ம் ஆல்பர்ட். பாரம் தூக்கும் சங்கிலிகள் திடீர் திடீரென்று அறுவதைப் பார்த்து, திரும்பத் திரும்பப் பாரம் ஏற்றிச் சோதித்தார். 1834-இல் சங்கிலிக்குப் பதிலாக இரும்புக் கம்பிகளை முறுக்கிக் கயிறாக்கினார். சங்கிலியில் ஒரு கண்ணி போனால் எல்லாம் போச்சு. கயிற்றில் ஒரு இழை போனால் மற்றவை தாங்கும், போனதும் நம் கண்ணுக்குத் தெரியும்.

ஆவடியில் ரயில் ஏறி பீச் ஸ்டேஷனில் இறங்கி, பாரிமுனை ஹார்டுவேர் கடைகளுக்கு நடந்தேன். கடையில் "4 எம்.எம். ஒயர் ரோப்" என்று மட்டும் கேட்காதீர்கள். 7×7 என்பது ஏழு புரி, புரிக்கு ஏழு இழை, மொத்தம் 49. 7×19 என்பது 133 இழை. தடிமன் ஒன்றுதான், ஆனால் இழை மெலிய மெலியக் கயிறு சுலபமாக வளையும். கப்பி சுற்றும் வேலைக்கு 7×19தான் வேண்டும். நேராக இழுத்துக் கட்டும் வேலைக்கு 7×7 போதும். துணி காயப்போடும் பிளாஸ்டிக் உறை ஒயர் வேண்டவே வேண்டாம். உள்ளே துருப்பிடித்தாலும் வெளியே தெரியாது.

அளவு எடுப்பதில் அவசரம் கூடாது. பழைய கம்பியை அளக்கக் கூடாது, அது நீண்டிருக்கும். இன்ஜினை நிறுத்தி, ஸ்பார்க் பிளக் ஒயரைக் கழற்றிவிட்டு, தட்டைத் தூக்கி அடியில் மரக்கட்டை கொடுத்தேன். நெம்புகோலைத் தூக்கிய நிலையில் வைத்து, ஒரு கட்டுக்கம்பியைக் கப்பிகளைச் சுற்றி ஓட்டினேன். ஒரு பின்னின் நடுவிலிருந்து மறு பின்னின் நடுவரைதான் கணக்கு. இரண்டு முனையிலும் காது மடிக்க முக்கால் அடி சேர்த்தேன். வெட்டும் இடத்தில் டேப்பை இறுக்கிச் சுற்றிவிட்டு வெட்டினால் புரி பிரியாது. கையுறை அவசியம். அறுந்த இழை கருவேல முள்ளைவிட மோசம்.

நெம்புகோல் பக்க முனையை பட்டறையிலேயே திம்பிள் வைத்து மடித்து, அலுமினிய ஸ்லீவ் போட்டு, அதற்குரிய அச்சில் பிரஸ்ஸில் அழுத்தினார்கள். சுத்தியலால் தட்டி நசுக்கினால் பிடிக்காது. தட்டுப் பக்க முனையில் திம்பிளும் மூன்று யு கிளாம்பும் போட்டு, டர்ன்பக்கிள் மாட்டினேன். பின்னால் நீளம் கூட்டிக் குறைக்க அது வேண்டும். யு கிளாம்பில் பலபேர் செய்யும் தப்பு ஒன்று உண்டு, நானும் செய்தேன். கிளாம்பின் அடிக்கட்டை பாரம் இழுக்கும் கயிற்றின் மேல் உட்கார வேண்டும், யு வளைவு மடங்கி வந்த துண்டு முனையைப் பிடிக்க வேண்டும். மாற்றிப் போட்டால் யு வளைவு பாரம் தாங்கும் கயிற்றையே நசுக்கிவிடும். பெரியவர் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் ஸ்பானரை எடுத்து மூன்றையும் கழற்றித் திருப்பிப் போட்டார்.

கப்பி இரண்டையும் புதிதாகக் கடைந்தோம். கயிற்றின் தடிமனைப் போல இருபது மடங்கு விட்டம் இருந்தால் நல்லது, அப்படியானால் 80 மி.மீ. என் வண்டியில் இருந்தது 50. ஒன்றை 75 ஆக்க முடிந்தது, மற்றதற்கு இடம் இல்லை. பள்ளம் கயிற்றைவிடக் கொஞ்சம் அகலமாக, அடி உருண்டையாக இருக்க வேண்டும். உள்ளே சீல் வைத்த பேரிங்.

மாட்டியதும் புல்லில் இறங்கவில்லை. தட்டின் மேல் ஒரு மண்புழு உர மூட்டையை வைத்து இருபது தடவை தூக்கி இறக்கினோம். கயிறு கொஞ்சம் நீண்டு கொடுத்தது. டர்ன்பக்கிளில் சரிசெய்து, கிளாம்புகளை மறுபடி இறுக்கினோம். லேத் கூலி, பேரிங் எல்லாம் சேர்த்தும் ஆயிரத்து ஐந்நூறு ரூபாயைத் தாண்டவில்லை. அலைச்சல்தான் நான்கு நாள்.

உதிரிபாகம் கேட்பதை உரிமையாகவே பேச ஆரம்பித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் கொலராடோ மாநிலம் 2023-இல் விவசாயக் கருவிகளைப் பழுதுபார்க்கும் உரிமைக்குச் சட்டமே போட்டது. நம் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் அமைத்த குழு எடுத்துக்கொண்ட நான்கு துறைகளிலும் விவசாயக் கருவிகள் உண்டு. நம் இயக்கக் கூட்டங்களில் விதையைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு இதையும் பேசலாம் என்பது என் கருத்து. கருவி வாங்கப் போகிறவர்கள் விலைக்கு முன்னால் கேபிள், பெல்ட், பேரிங் இவற்றின் அளவைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

புல் வெட்டியாயிற்று, கொய்யா மரத்தடியில் ஒரு சாண் உயரத்துக்கு மூடாக்கு கிடக்கிறது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் வந்து பார்த்துவிட்டு, "எங்க பக்கமும் ரெண்டு வரிசை ஓட்டிக் குடுங்க சார்" என்றார். ஓட்டிக் கொடுத்தேன்.

இப்போது ஆயில் மாற்றும் நாளில் ஒரு பழைய பருத்தித் துணியைக் கயிற்றின் நீளத்துக்கும் லேசாக இழுத்து ஓட்டுகிறேன். எங்காவது ஒரு இழை முறிந்திருந்தால் துணியின் நூலைப் பிடித்து இழுக்கும். இதுவரை பிடிக்கவில்லை. முன் கப்பியை மட்டும் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் சாவி போடுகிறேன்.