ஹாலில் ஓடும் தொலைக்காட்சியும் கண்ணியத்தின் எல்லையும்

சென்னை வீடுகளில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு இடம் ஹால்தான். மயிலாப்பூரின் பழைய ஒண்டுக்குடித்தனமானாலும், தியாகராய நகரின் இரண்டு படுக்கையறை ஃபிளாட்டானாலும், அடையாற்றின் தனி வீடானாலும் தாத்தா, பேத்தி, மாமனார், மருமகள் எல்லோரும் ஒரே திரைக்கு முன்னால்தான் உட்கார்கிறார்கள். திரையில் உடலைக் காட்டுவது பற்றித் தமிழ்க் குடும்பங்களுக்கு உள்ள கருத்து பெரும்பாலும் இந்த ஏற்பாட்டிலிருந்து பிறந்தது. "குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்க முடியவில்லை" என்பதே வழக்கமான புகார். படம் கெட்ட படம் என்ற தீர்ப்பு அதில் இருந்தாக வேண்டும் என்பதில்லை. அதே காட்சியைத் தனியாகப் பார்க்கும்போது பொருட்படுத்தாதவர்கூட, மகள் பக்கத்தில் இருந்தால் ரிமோட்டைத் தேடுகிறார்.

ஆடையில்லாத உடல் இந்த ஊருக்குப் புதிதல்ல. மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் பங்குனிப் பெருவிழாவில் அறுபத்துமூவர் உலாவுக்கு அடுத்த நாள் பிட்சாடனர் மாட வீதிகளில் உலா வருகிறார். பிட்சாடனர் என்பது சிவனின் நிர்வாணக் கோலம். இடுப்பில் பாம்பைத் தவிர வேறொன்றும் இல்லை. திருவெண்காட்டில் கிடைத்து இப்போது தஞ்சாவூர்க் கலைக்கூடத்தில் உள்ள சோழர் கால வெண்கலத்தில் அந்தக் கோலத்தை அப்படியே பார்க்கலாம். வீதி உலாவில் பட்டும் மாலையும் சாத்தியிருந்தாலும், தாருகாவனத்து ரிஷி பத்தினிகள் மயங்கிய கதையைப் பெரியவர்கள் குழந்தைகளுக்குத் தயக்கமின்றிச் சொல்கிறார்கள். கர்நாடகத்தின் சிரவணபெளகொளாவில் 2018 பிப்ரவரியில் கோமதீசுவரருக்கு மகாமஸ்தகாபிஷேகம் நடந்தபோது, 57 அடி உயர நிர்வாணச் சிலை செய்திகளில் திரும்பத் திரும்ப வந்தது. யாரும் சேனலை மாற்றவில்லை. உடலை எந்த நோக்கத்துக்காக, யாருடைய கண்ணுக்காகக் காட்டுகிறார்கள் என்பதைப் பார்வையாளர் உடனே கண்டுகொள்கிறார்.

கண்ணியம் எது என்ற வாதமும் இந்தப் பகுதிக்குப் பழையது. ருக்மிணி தேவி 1935இல் அடையாறு தியசாபிகல் சொசைட்டியில் அரங்கேறி, அடுத்த ஆண்டு கலாக்ஷேத்ராவைத் தொடங்கியபோது, பின்னாளில் பரதநாட்டியம் ஆன சதிர் ஆட்டத்தின் சிருங்காரத்தை எவ்வளவு மட்டுப்படுத்த வேண்டும் என்பது பெரிய கேள்வியாக இருந்தது. சிருங்காரம்தான் அந்தக் கலையின் உயிர் என்று நடனக் கலைஞர் பாலசரஸ்வதி கடைசிவரை வாதாடினார். சபாவில் பக்கத்து இருக்கையில் உட்காருபவருக்கு எது ஏற்கும் என்பது அன்றைய கேள்வி. தொலைக்காட்சி வந்தபின் அதே கேள்வி வீட்டு ஹாலுக்குள் நுழைந்தது.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்', ஞாயிறு மாலைத் திரைப்படம் என்று வாரத்துக்கு இரண்டு பொழுதுகளைத்தான் தெரு முழுக்கக் காத்திருந்து பார்த்தது. ஒரே நிலையம், அதுவும் அரசு நிலையம்; எதை ஒளிபரப்பலாம் என்பதை உள்ளே இருந்த அதிகாரிகளே முடிவு செய்தார்கள். 1991க்குப் பின் செயற்கைக்கோள் சேனல்கள் கேபிள் வழியாக வந்து இறங்கின. 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி வந்தது. திரையரங்கில் இருட்டில் பார்த்த குளியல் காட்சியும் கிளப் டான்ஸும் சாப்பாட்டு வேளையில் வெளிச்சமான ஹாலுக்கு வந்தபோதுதான், திரையரங்குக்கென எழுதிய விதிகள் வீட்டுக்குப் போதாது என்பது தெரிந்தது.

1995இன் கேபிள் தொலைக்காட்சி ஒழுங்குமுறைச் சட்டமும் அதன் விதிகளில் உள்ள நிகழ்ச்சி நெறிகளும் இந்த இடத்தில் வருகின்றன. நல்ல ரசனைக்கும் கண்ணியத்துக்கும் எதிரானது கூடாது, ஆபாசம் கூடாது, பெண்ணின் உருவத்தையும் உடலையும் இழிவுபடுத்திக் காட்டக் கூடாது, குழந்தைகளுக்கு ஒவ்வாததை அவர்கள் அதிகம் பார்க்கும் நேரத்தில் ஒளிபரப்பக் கூடாது என்று ஆறாம் விதி சொல்கிறது. பெண்களை அநாகரிகமாகச் சித்திரிப்பதைத் தடுக்கும் 1986ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்கெனவே இருந்தது. நல்ல ரசனை என்பது என்ன என்று எந்தச் சட்டமும் வரையறுக்கவில்லை. அது இயலாத காரியமும்கூட.

வரையறை இல்லாத இடத்தைச் சான்றிதழ் நிரப்பியது. மும்பைக் கல்லூரி ஆசிரியை ஒருவர் தொடுத்த பொதுநல வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் 2005 டிசம்பரில் பிறப்பித்த உத்தரவுக்குப் பிறகு, 'யு' அல்லது 'யு/ஏ' சான்றிதழ் பெற்ற படங்களை மட்டுமே தொலைக்காட்சியில் காட்டலாம் என்பது நடைமுறையானது. 'ஏ' படம் என்றால் காட்சிகளை வெட்டி மறுபடி தணிக்கைக்கு அனுப்பி, 'யு/ஏ' வாங்கிய பிறகே சேனலுக்கு விற்க முடிந்தது. சாட்டிலைட் உரிமை வருமானத்தை நம்பும் தயாரிப்பாளருக்கு ஒரு முத்தக் காட்சியின் விலை அதனால் தெளிவாகத் தெரிந்தது. தமிழ்நாட்டில் இன்னொரு கணக்கும் சேர்ந்துகொண்டது. தமிழில் பெயர் வைத்த படங்களுக்கு 2006இல் கேளிக்கை வரி விலக்கு வந்தது. 2011இல் அதற்கு 'யு' சான்றிதழும் நிபந்தனையானது. 2017இல் ஜிஎஸ்டி வரும்வரை கோடம்பாக்கத்தில் கண்ணியத்துக்கு ரூபாய்க் கணக்கில் மதிப்பு இருந்தது. படங்கள் மேலும் நாகரிகமாயின என்று சொல்வதற்கில்லை. 'யு' சான்றிதழ் பெற்ற படங்களிலேயே குத்துப்பாட்டுகள் நிறைந்திருந்தன. தோல் எவ்வளவு தெரிகிறது என்று தணிக்கை அளந்தது. கேமரா பெண்ணை எப்படிப் பார்க்கிறது என்பதை அதனால் அளக்க முடியவில்லை.

சேனல்கள் மீதான நடவடிக்கைகளும் அப்படித்தான் இருந்தன. கவர்ச்சி விளம்பரங்களைத் தொகுத்துக் காட்டியதற்காக ஏஎக்ஸ்என் சேனல் 2007 ஜனவரியில் தடை செய்யப்பட்டது. அதே ஆண்டு மார்ச்சில் ஃபேஷன் சேனலான எஃப்டிவிக்குத் தடை வந்தது. 2010 மார்ச்சில், மேலாடையில்லாத பெண்ணைக் காட்டியதற்காக எஃப்டிவி மறுபடி சில நாள் நிறுத்தப்பட்டது. மறு ஆண்டு ஒளிபரப்பாளர்களே ஒரு சுயகட்டுப்பாட்டு அமைப்பை உருவாக்கினார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்த ஏ.பி. ஷா அதன் முதல் தலைவர். பெரியவர்களுக்கான நிகழ்ச்சிகளை இரவு 11 முதல் காலை 5 வரை மட்டும் காட்டலாம் என்பது அந்த அமைப்பின் நெறி.

அந்த 11 மணிக் கோடு 2012 ஏப்ரல் 22 அன்று நாடு முழுவதும் பேசப்பட்டது. 'தி டர்ட்டி பிக்சர்' என்ற இந்திப் படத்தை அன்று பகலிலும் இரவு 8 மணிக்கும் சோனி ஒளிபரப்புவதாக இருந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்ட வெட்டுகளுடன் 'யு/ஏ' சான்றிதழும் வாங்கியாயிற்று. ஆனாலும் 11 மணிக்கு மேல்தான் காட்ட வேண்டும் என்று மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் கூற, ஒளிபரப்பு நின்றது. படத்துக்குத் தூண்டுதல் சென்னையில் வாழ்ந்து 1996 செப்டம்பரில் இங்கேயே மறைந்த நடிகை சில்க் ஸ்மிதாவின் வாழ்க்கை. அவர் ஆடிய பாடல்களைத் தமிழ்ச் சேனல்கள் எல்லா நேரத்திலும் ஒளிபரப்பி வந்திருக்கின்றன. அந்த ஆட்டத்துக்குப் பின்னால் இருந்த பெண்ணின் தனிமையைச் சொன்ன படத்துக்கு மட்டும் நடு இரவுவரை இடமில்லை என்றால், கோடு போட்ட இடம் சரிதானா என்று கேட்கத்தான் வேண்டும்.

நீதிமன்றங்கள் இந்தக் கேள்வியை மெல்ல மெல்ல நெருங்கியிருக்கின்றன. நீண்ட காலம் 1868இன் ஹிக்லின் என்ற ஆங்கிலேய வழக்கின் அளவுகோலே இந்தியாவில் செல்லுபடியானது. எளிதில் கெடக்கூடிய மனத்தை ஒரு படைப்பு கெடுக்குமா என்று அது பார்த்தது. 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற தமிழ்ப் படத்தின் வழக்கில் 1989இல் உச்ச நீதிமன்றம், சாதாரண அறிவும் நிதானமும் உள்ள மனிதரின் பார்வையே அளவு, எதற்கும் சீறுபவரின் பார்வை அல்ல என்றது. அந்த வழக்கு இட ஒதுக்கீடு பற்றியது. அளவுகோலோ எல்லாவற்றுக்கும் பொருந்தும். பூலன் தேவியை ஊர் நடுவே நிர்வாணமாக நடத்திச் சென்ற காட்சி இடம்பெற்ற 'பாண்டிட் குயின்' படத்தை 1996இல் அனுமதித்தபோது, அந்த நிர்வாணம் காமத்தைத் தூண்டாது, கொடுமை செய்தவர்கள்மீது அருவருப்பையே தூண்டும் என்று அதே நீதிமன்றம் விளக்கியது. டென்னிஸ் வீரர் போரிஸ் பெக்கர் தன் காதலியுடன் ஆடையின்றி நின்ற புகைப்படம் பற்றிய வழக்கில், 2014இல் ஹிக்லின் அளவுகோல் கைவிடப்பட்டது. இன்றைய சமூகத்தின் பொதுவான மதிப்பீடு என்ன, படைப்பின் மொத்தச் செய்தி என்ன என்று பார்க்கும் முறை வந்தது.

சமூகத்தின் பொது மதிப்பீடு சென்னையில் எங்கே நிற்கிறது என்பதை 2017 கோடை வெளிச்சமிட்டது. ஜூன் 25 அன்று விஜய் டிவியில் கமல்ஹாசன் நடத்திய 'பிக் பாஸ்' தமிழில் தொடங்கியது. பதினைந்து பேர் அளவில் ஒரு வீட்டில் அடைபட்டிருக்க, கேமராக்கள் இரவு பகலாகப் பார்த்தன. மூன்றே வாரத்தில் இந்து மக்கள் கட்சி சென்னை மாநகரக் காவல் ஆணையரிடம் புகார் கொடுத்தது. பங்கேற்பவர்கள் முக்கால் நிர்வாணமாக வருகிறார்கள், ஆபாசமாகப் பேசுகிறார்கள், தமிழ்ப் பண்பாடு கெடுகிறது என்றது அந்தப் புகார். நிகழ்ச்சியைத் தடை செய்து கமலைக் கைது செய்ய வேண்டும் என்பது கோரிக்கை. ஆழ்வார்பேட்டையில் செய்தியாளர்களைச் சந்தித்த கமல், சட்டத்தின்மீது நம்பிக்கை இருக்கிறது என்றார். நிகழ்ச்சி செப்டம்பர் 30 அன்று இயல்பாக முடிந்தது.

அந்த மூன்று மாதங்களில் வீடுகளில் சண்டையும் பேச்சும் ஏராளமாக நடந்தன. பங்கேற்பாளர் ஒருவர் இன்னொருவரின் நடத்தையைச் 'சேரி'யோடு சேர்த்துப் பேசியது பெருங்கோபத்தைக் கிளப்பியது. பங்கேற்பாளரான நடிகை ஓவியாவை மற்றவர்கள் கூடி ஒதுக்கியபோது, அறிமுகமே இல்லாத ஒரு பெண்ணுக்காக ஊரே பரிந்து பேசியது. அரைக்கால் சட்டை பற்றி முணுமுணுத்த பாட்டிகள்கூட அவர் பக்கம் நின்றார்கள். புகார் மனு துணியை அளந்துகொண்டிருந்த நேரத்தில், பார்வையாளர்கள் மனிதரை மனிதர் நடத்தும் விதத்தில் கண்ணியத்தைத் தேடினார்கள். அவர்கள் தேடிய இடமே சரியான இடம்.

துணியை மட்டும் அளக்கும் பார்வைக்கு இன்னும் மோசமான உதாரணம் செய்தியில் உண்டு. 2010 மார்ச் 2 இரவு, ஒரு சாமியாரின் படுக்கையறையில் ரகசியமாக எடுத்த காட்சிகள் தமிழ்ச் செய்தியில் வெளியாகி, நாள்கணக்கில் மறுபடி மறுபடி ஓடின. ஹாலில் குழந்தைகள் இருந்தார்கள். அங்கங்கே மங்கலாக்கிய படம் விதியைத் தொடாமல் தப்பலாம். சம்மதமில்லாமல் இரண்டு பேரின் அந்தரங்கத்தை ஊருக்குக் காட்டியதை எந்த மங்கலும் மறைக்காது.

குழந்தைகள் விஷயத்திலும் இதே குருட்டுத்தனம் நேர்ந்தது. டான்ஸ் போட்டிகளில் ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகள், பெரியவர்களுக்காக எடுத்த பாடல்களுக்குப் பெரியவர்களைப் போலவே இடுப்பை ஆட்டி, நடுவர்களிடம் கைதட்டு வாங்கினார்கள். பெற்றோர் மேடைக்குக் கீழே கண்ணீர் மல்க நின்றார்கள். உடை முழுமையாக இருந்தது. விகாரம் அசைவில் இருந்தது. 2019 ஜூன் 18 அன்றுதான் மத்திய அமைச்சகம், குழந்தைகளை அவர்கள் வயதுக்கு ஒவ்வாத, பாலியல் சாயல் கொண்ட முறையில் காட்ட வேண்டாம் என்று சேனல்களுக்கு அறிவுறுத்தியது. மிகத் தாமதமாக வந்த அறிவுரை அது.

மறுபக்கத்தில், பயனுள்ள பேச்சும் கூச்சத்துக்குப் பலியாகியிருக்கிறது. 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் மனநல மருத்துவர் மாத்ருபூதமும் டாக்டர் ஷர்மிளாவும் விஜய் டிவியில் நடத்திய 'புதிரா புனிதமா', பாலியல் சந்தேகங்களுக்குச் சிரிப்பும் அறிவியலும் கலந்து பதில் சொன்னது. பல வீடுகளில் பெரியவர்கள் பிள்ளைகள் தூங்கியபின் சத்தத்தைக் குறைத்து அதைப் பார்த்தார்கள். 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்ற பிரசாரத்தைப் பற்றியும் முகம் சுளித்தவர்கள் உண்டு. ஆனால் அது நோயைப் பற்றி வாய் திறக்க வைத்தது. 2017 டிசம்பரில் ஆணுறை விளம்பரங்களை இரவு 10 முதல் காலை 6 வரை மட்டும் காட்டச் சொன்ன அமைச்சகம், பிறகு பாலியல் கவர்ச்சி உள்ள விளம்பரங்களுக்கே அது பொருந்தும் என்று விளக்க வேண்டியிருந்தது. உடலைப் பற்றிய தகவலையும் உடலை விற்பதையும் ஒரே தராசில் வைத்தால் இத்தகைய குழப்பம்தான் வரும்.

வெளிநாடுகளிலும் ஒத்த கருத்து இல்லை. அமெரிக்காவில் 2004 பிப்ரவரி 1 அன்று சூப்பர் பவுல் விளையாட்டுப் போட்டியின் இடைவேளையில் பாடகி ஜேனட் ஜாக்சனின் மார்பு ஒரு நொடிக்கும் குறைவாகத் தெரிந்ததற்கு ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட புகார்கள் வந்தன. அதை ஒளிபரப்பிய சிபிஎஸ்ஸுக்கு விதித்த ஐந்தரை லட்சம் டாலர் அபராதத்தை நீதிமன்றம் பின்னர் ரத்து செய்தது. பிரிட்டனில் இரவு 9 மணியே எல்லை. அங்கே முழு நிர்வாணமாக நிற்பவர்களிலிருந்து துணையைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி 2016இல் தொடங்கியது.

இப்போது பிள்ளைகளின் திரை ஹாலைவிட்டுக் கைப்பேசிக்குப் போய்விட்டது. ஆனாலும் சேர்ந்து பார்க்கும் ஹால் காலியாகவில்லை. சீரியல் நேரத்திலும் கிரிக்கெட் நாளிலும் அது நிறைந்தே இருக்கிறது. 2023இல் திருத்தப்பட்ட திரைப்படச் சட்டம் 'யு/ஏ' பிரிவை 7, 13, 16 வயதுகளாகப் பிரித்து, 'ஏ' படங்களை மாற்றித் தொலைக்காட்சிக்குத் தனிச் சான்றிதழ் பெறவும் வழி செய்திருக்கிறது. ஒளிபரப்பில் குறை காணும் பார்வையாளர் காவல் நிலையத்துக்குப் போக வேண்டியதில்லை. 2021 ஜூன் விதிகளின்படி முதலில் அந்தச் சேனலுக்கே எழுத வேண்டும். 24 மணி நேரத்தில் ஒப்புகையும் 15 நாளில் பதிலும் அது தர வேண்டும். பதில் திருப்தி தராவிட்டால் அடுத்த 15 நாளுக்குள் சுயகட்டுப்பாட்டு அமைப்பிடம் மேல்முறையீடு செய்யலாம். அங்கே 60 நாளில் முடிவு கிடைக்க வேண்டும். அதன்பிறகு மத்திய அரசிடம் போகலாம். புகார் எழுதுபவர்கள் ஆடையின் நீளத்தை மட்டும் எழுதாமல், திரையில் யார் இழிவுபடுத்தப்பட்டார், யாருடைய சம்மதம் மீறப்பட்டது, எந்தக் குழந்தை பயன்படுத்தப்பட்டது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.