பன்னிரண்டு மாதமும் விருந்தாளி!

விருந்தாளி என்றாலே பட்டணத்துக் குடும்பத் தலைவிக்கு வயிற்றில் கொஞ்சம் புளியைக் கரைக்கும். காப்பிப் பொடி இருக்கிறதா, பால் போதுமா, வந்தவர்கள் எத்தனை நாள் தங்குவார்களோ என்று ஆயிரம் கவலை. ஆனால் செங்கற்பட்டுச் சீமையில், மாமல்லபுரம் கடலோரத்திலிருந்து மதுராந்தகம் வரையில் உள்ள கிராமத்து வீடுகளுக்கு வருஷம் பன்னிரண்டு மாதமும் விருந்தாளிகள் வந்தபடியே இருக்கிறார்கள். அவர்கள் காப்பி கேட்பதில்லை. பாய் தலையணை கேட்பதில்லை. வேண்டியதைத் தாங்களே தேடிக்கொள்கிறார்கள். சிலர் புறப்படும்போது வீட்டுக்காரருக்கு லாபம்கூட வைத்துவிட்டுப் போகிறார்கள்!

பறவைகளையும் பிராணிகளையும்தான் சொல்கிறேன். இவற்றைப் பார்க்க முதுமலைக்கோ முண்டந்துறைக்கோ போக வேண்டும் என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். வேண்டியதில்லை. இந்தப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு திண்ணையும் ஒரு கொல்லைப்புறமும் இருந்தால் போதும். வாருங்கள், ஐப்பசி மழையிலிருந்து ஆரம்பிக்கலாம்.

வேடன் பெயரில் ஓர் அடைக்கலம்

மதுராந்தகத்துக்கு அருகே இருக்கிறது வேடந்தாங்கல். வேடர்கள் தங்கிய இடம் என்று பெயருக்குப் பொருள் சொல்வார்கள். பெயரைப் பாருங்கள், ஊரின் குணத்தைப் பாருங்கள்! வேடன் பெயரைச் சுமந்துகொண்டிருக்கும் இந்த ஊர், இருநூறு வருஷங்களுக்கு மேலாகப் பறவைகளுக்குக் காவல் இருந்து வருகிறது.

ஊர் ஏரி பிரமாதப் பெரிது ஒன்றுமில்லை. சுமார் 30 ஹெக்டேர், அதாவது 74 ஏக்கர். அதற்குள்ளே நீர்க்கடம்பும் கருவேலமுமாக மரங்கள் நிற்கின்றன. வடகிழக்குப் பருவமழை பெய்து, மரங்களின் அடிப்பாகம் தண்ணீரில் மறைய வேண்டியதுதான். விருந்தாளிகள் வந்து இறங்கிவிடுவார்கள். மரத்தைச் சுற்றித் தண்ணீர் நின்றால் பூனையோ நரியோ கூட்டுக்கு வர முடியாது அல்லவா? வீடு பார்க்கும்போது அக்கம்பக்கம் விசாரிக்கிற சாமர்த்தியம் நமக்கு மட்டும் உரியதன்று.

வருகிறவர்களின் பெயர்களே அழகு. நத்தைகுத்தி நாரை என்று ஒன்று. அதன் அலகை மூடினாலும் நடுவே ஓர் இடைவெளி தெரியும், அசல் பாக்குவெட்டி! அதை வைத்துக்கொண்டு வயலில் உள்ள நத்தையைப் பக்குவமாக ஓட்டிலிருந்து எடுத்துவிடும். அரிவாள்மூக்கனுக்கும் கரண்டிவாயனுக்கும் விளக்கமே வேண்டாம். பாம்புத்தாரா நீந்தும்போது கழுத்து மட்டும் வெளியே தெரியும். பாம்புதான் போகிறது என்று திடுக்கிட்டுப் போவீர்கள். கூழைக்கடாவோ அலகின் கீழேயே ஒரு பையைத் தொங்கவிட்டுக்கொண்டு திரிகிறது. மார்க்கெட்டுக்குப் பையை மறந்துவிட்டுப் போகும் நம் வீட்டுப் புருஷர்களுக்கு அதை ஒரு முறை காட்ட வேண்டும்!

இவை எல்லாம் சைபீரியாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் பிள்ளை பெற வருகின்றன என்று ஒரு பேச்சு உண்டு. அது சரியல்ல. இங்கே கூடு கட்டி முட்டையிடும் நாரை, கூழைக்கடா, கொக்கு, நீர்க்காகம் எல்லாம் நம் தேசத்துப் பறவைகளே. தாய்வீட்டுக்குப் பிரசவத்துக்கு வருகிற பெண்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊசிவால் வாத்து போன்ற சில வாத்துகள்தாம் மத்திய ஆசியா, சைபீரியா என்று வெகு தூரத்திலிருந்து வருகின்றன. அவை இங்கே கூடு கட்டுவதில்லை. குளிருக்கு ஒதுங்கிவிட்டு, கோடை வந்ததும் புறப்பட்டுவிடுகின்றன.

மார்கழி, தை மாதங்களில் சாயங்காலம் ஏரிக்கரையில் நின்று பார்க்க வேண்டும். பகலெல்லாம் இரை தேடப் போனவை கூட்டம் கூட்டமாகத் திரும்பும். குஞ்சுகள் போடும் கூச்சல் சொல்லி முடியாது. அதே வேளையில் வக்கா என்ற இராக்கொக்கு அப்போதுதான் சோம்பல் முறித்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பும். மில்லில் ஷிப்டு மாறுவது போலத்தான்!

இத்தனை கூச்சலையும் எச்சத்தையும் ஊரார் ஏன் பொறுத்துக்கொள்கிறார்கள் என்று கேட்பீர்கள். எச்சம்தான் லாபம்! ஆயிரக்கணக்கான பறவைகளின் எச்சம் ஏரித் தண்ணீரில் கலந்து உரமாகிறது. அந்தத் தண்ணீர் வயலுக்குப் பாய்கிறது. விருந்தாளி கொடுத்துவிட்டுப் போகும் வாடகை அது. ஊராரும் தங்கள் பங்குக்கு ஒன்றை விட்டுக்கொடுக்கிறார்கள்: தீபாவளிக்கு வேடந்தாங்கலில் பட்டாசு வெடிப்பதில்லை. மத்தாப்பு கேட்டு அழும் குழந்தையைச் சமாதானப்படுத்தும் தாய்மார்களுக்குத் தெரியும், இது எவ்வளவு பெரிய தியாகம் என்று!

கும்பெனி ஆட்சிக் காலத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து இங்கே சில பறவைகளைச் சுட்டார்களாம். ஊரார் சும்மா இருக்கவில்லை. செங்கற்பட்டுக் கலெக்டரிடமே போய் முறையிட்டார்கள். லயோனல் பிளேஸ் என்ற கலெக்டர் காலத்தில், 1798-ல், பறவைகளைத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற உத்தரவை வாங்கிக்கொண்டார்கள் என்பது சரித்திரம். சர்க்கார் சொல்லி ஜனங்கள் கேட்டதைப் படித்திருக்கிறோம். ஜனங்கள் சொல்லிச் சர்க்கார் பறவையைக் காத்த கதை இது.

சாப்பாடு வெளியிலே!

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். வேடந்தாங்கல் ஏரி பறவைகளுக்குப் படுக்கையறையும் தொட்டில் அறையும்தான். சமையலறை வெளியிலே இருக்கிறது. இத்தனை குஞ்சுகளுக்கும் வேண்டிய மீனும் நத்தையும் தவளையும் இந்தச் சின்ன ஏரியில் கிடைக்குமா? சுற்றுவட்டாரத்து ஏரிகளிலும் நெல் வயல்களிலும்தான் கிடைக்கும். அந்த வயலில் விஷமருந்து தெளித்தால் இந்த ஏரிக் குஞ்சு பட்டினி.

இதை நினைத்துத்தான் 1998-ல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வட்டாரத்தையும் சேர்த்துச் சரணாலயமாக அறிவித்தார்கள். 2020-ல் அந்த வட்டத்தை 3 கிலோமீட்டராகக் குறைக்க ஒரு யோசனை கிளம்பியபோது பலத்த எதிர்ப்பு எழுந்தது. "ஏரியைத் தொடவில்லையே, பின் என்ன?" என்று சிலருக்குத் தோன்றலாம். தொட்டிலை மட்டும் வைத்துக்கொண்டு அடுப்பை எடுத்துவிட்டால் குழந்தை வளருமா? 2022-ல் வேடந்தாங்கலும் பக்கத்திலுள்ள கரிக்கிலியும் ராம்சர் ஒப்பந்தப்படி உலக முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலைகளின் பட்டியலில் இடம் பெற்றன. ஊருக்குக் கௌரவம்தான். ஆனால் பட்டியலில் உள்ள பெயரைப் பார்த்தா பறவை வருகிறது? தண்ணீரையும் வயலையும் பார்த்து வருகிறது.

பங்குனி விருந்தாளி

பனி குறைந்து நிலவு தெளிவாகும் காலத்தில் மாமல்லபுரம் கடற்கரைக்குப் போவோம். தை முதல் பங்குனி வரை, இரவு வேளையில், கடலிலிருந்து ஒரு தாய் மெல்ல மணலில் ஏறி வருவாள். பங்குனி ஆமை என்று அவளுக்குப் பெயரே மாதத்தைக் கொண்டுதான். பின் துடுப்புகளால் குழி தோண்டி, ஏறத்தாழ நூறு முட்டைகளை இட்டு, மணலை மூடிவிட்டுத் திரும்பிப் பாராமல் கடலுக்குப் போய்விடுவாள். அடைகாப்பது மணலின் வேலை. சுமார் 45 நாள் முதல் 60 நாளில் குஞ்சுகள் வெளிவரும். மணலின் சூடு அதிகமானால் பெண் குஞ்சுகள். குறைந்தால் ஆண் குஞ்சுகள். எந்த ஜோசியரும் சொல்ல முடியாத ரகசியம்!

வெளியே வந்த குஞ்சு வெளிச்சம் தெரியும் பக்கம் ஓடும். முன்காலத்தில் இரவில் வெளிச்சம் என்றால் அலைமேல் மின்னும் வானம்தான். இப்போது கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஹோட்டல் விளக்கும் தெரு விளக்கும் ஜொலிக்கின்றன. பாவம், குஞ்சு கடலை விட்டுவிட்டு ரோட்டைப் பார்த்து ஓடுகிறது. சென்னையில் 1988 முதல் மாணவர் அமைப்பு ஒன்று, இந்தப் பருவத்தில் இராத்திரி முழுவதும் கடற்கரையில் நடந்து, முட்டைகளைப் பத்திரமாக எடுத்து வேலியிட்ட இடத்தில் புதைத்து, பொரித்த குஞ்சுகளைக் கடலில் விட்டு வருகிறது. பரீட்சைக்குக்கூட இப்படிக் கண் விழித்திருப்பார்களா என்பது சந்தேகம்!

ஆனால் கரையைக் காத்தால் மட்டும் போதுமா? 2025 ஜனவரியில் சென்னை, செங்கற்பட்டுக் கடற்கரைகளில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கின. ஆமை கடலில் வாழ்ந்தாலும் மூச்சு விட மேலே வந்தாக வேண்டும். இழுவைப் படகின் வலையில் சிக்கினால் மூச்சு முட்டிச் சாகும். வாசலில் கோலம் போட்டுக் காத்திருந்தோம். விருந்தாளியோ வழியிலேயே மாண்டு போனாள்.

சித்திரை முதல் ஆவணி வரை

சித்திரை வெயிலில் நாம் விசிறியும் கையுமாக இருக்கும்போது, கொல்லை வேப்ப மரத்தில் ஒரு நாடகம் நடக்கிறது. காக்கை கூடு கட்டுகிறது. குயில் காத்திருந்து அதில் முட்டையிடுகிறது. கரியதாக இருந்து கூவுவது ஆண் குயில். பெண் குயிலுக்குப் பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளிகள். காக்கைக்குப் போக்குக் காட்டுவது ஆண். காரியத்தை முடிப்பது பெண். வீட்டு நடப்பும் அப்படித்தானே!

இந்த அன்றாட வேடிக்கைகளைப் பெரிய விஷயமாக மதித்தவர் மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வர். ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950 முதல் 1996-ல் காலமாகும் வரை இயற்கையைப் பற்றி விடாமல் எழுதினார். யானையைப் பார்த்த அதே கண்ணால் அணிலையும் காக்கையையும் பார்த்தவர்.

மழைமேகம் திரளும் நாட்களில் பனை மரத்தைப் பாருங்கள். தூக்கணாங்குருவி கூடு நெய்கிறது. நெய்வது ஆண். பாதிக் கூடு முடிந்ததும் பெண் குருவி வந்து உள்ளே புகுந்து பார்வையிடும். பிடித்தால் சம்மதம், பிடிக்காவிட்டால் பறந்துவிடும். ஆண் குருவி வேறு கூடு ஆரம்பிக்க வேண்டியதுதான். வரதட்சிணைப் பேச்சே கிடையாது!

ஆடி, ஆவணி மழைக்குத் தவளை கத்தும். எலி வளையை விட்டு மேட்டுக்கு வரும். அவற்றைத் தேடி, நாம் விரும்பாத விருந்தாளியும் வருவார். பாம்பு நம்மைத் தேடி வருவதில்லை. எலியைத் தேடி வருகிறது. எலியோ நம் தானியத்தைத் தேடி வருகிறது. ஆகவே குதிரையும் கொல்லையையும் சுத்தமாக வைத்திருப்பதே முதல் வைத்தியம். சாரைப் பாம்புக்கு விஷமில்லை. எலியைத் தின்று நமக்கு உபகாரம் செய்யும் பிராணி. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்ற நான்கும் அபாயமானவை. கடித்தால் மந்திரம் என்று நேரத்தைப் போக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அங்கே கொடுக்கும் மருந்துக்கும் பாம்பின் விஷமே மூலப்பொருள். இந்தப் பகுதியின் இருளர் மக்கள் பாம்பு பிடிப்பதில் உலகப் பிரசித்தி. தோலுக்காகப் பாம்பு பிடிப்பது சட்டத்தால் தடுக்கப்பட்ட பிறகு, 1978-ல் அவர்களுக்காக ஒரு கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. மாமல்லபுரம் போகும் வழியில், வடநெம்மேலியில் இருக்கிறது. பாம்பைக் கொல்லாமல் விஷத்தை மட்டும் எடுத்து, மீண்டும் வெளியே விட்டுவிடுகிறார்கள். இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

வராமற்போன இருவர்

மாமல்லபுரத்திலிருந்து செங்கற்பட்டுக்கு வரும் வழியில் திருக்கழுக்குன்றம். பட்சி தீர்த்தம் என்றும் பெயர். உங்கள் பாட்டியைக் கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார். வேதகிரீசுவரர் மலைமேல் தினமும் உச்சி வேளையில் இரண்டு கழுகுகள் வந்து இறங்கும். வெள்ளை உடம்பு, மஞ்சள் முகம். கோயிலைச் சேர்ந்தவர் வைக்கும் சர்க்கரைப் பொங்கலை உண்டுவிட்டுப் பறந்து போகும். காசியிலிருந்து வருவதாக ஐதிகம். தலைமுறை தலைமுறையாக ஜனங்கள் படியேறிப் போய்ச் சேவித்த காட்சி அது.

1990-களின் கடைசிக்குப் பிறகு அந்த இருவரும் வருவதில்லை.

பொங்கல் குறையவில்லை, பக்தியும் குறையவில்லை. ஆனால் அந்த ஆண்டுகளில் தேசமெங்கும் கழுகுகள் அழிந்துகொண்டிருந்தன. மாட்டுக்கு வலி தீரக் கொடுத்த டைக்ளோபினாக் என்ற மருந்து, செத்த மாட்டைத் தின்ற பெரிய கழுகு இனங்களை ஏறக்குறைய ஒழித்துவிட்டது என்று 2004-ல் விஞ்ஞானிகள் கண்டு சொன்னார்கள். மாடுகளுக்கு அதைக் கொடுப்பதை 2006-ல் சர்க்கார் தடை செய்தது.

விருந்தாளியிடம் நமக்கு அன்பு இருப்பது நல்லதுதான். இலை போடுவதும் நல்லதுதான். ஆனால் அவர் வரும் வழியும் நன்றாக இருக்க வேண்டும். ஏரிப் பறவைக்கு வயல் வழி. ஆமைக்குக் கடல் வழி. கழுகுக்கு ஊர் ஊராக மேயும் மாட்டின் உடம்பே வழி. அந்த வழியைக் காப்பது ஓர் ஊராரால் மட்டும் ஆகிற காரியமில்லை. அதில் பட்டணத்தில் இருக்கும் நமக்கும் பங்கு உண்டு.

அரைப் பரீட்சை விடுமுறையில் குழந்தைகளை வேடந்தாங்கலுக்கு அழைத்துப் போங்கள். காலையோ மாலையோ போவது விசேஷம். பளபளக்கும் சிவப்புப் புடவையைப் பெட்டியில் வைத்துவிட்டு, பச்சையோ பழுப்போ உடுத்திக்கொள்ளுங்கள். டிரான்சிஸ்டரோ செல்போனோ, பாட்டை நிறுத்துங்கள். சாப்பிட்ட பிளாஸ்டிக் பையைத் திரும்ப வீட்டுக்கே கொண்டுவாருங்கள். கடற்கரையில் வீடோ விடுதியோ உள்ள உறவினர் இருந்தால், பங்குனி முடியும் வரையாவது கடலைப் பார்த்த விளக்கை அணைக்கச் சொல்லுங்கள்.

புரட்டாசி முடிந்து முதல் மழை விழுந்ததும் வேடந்தாங்கல் ஜனங்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். மழை பொய்த்த வருஷத்தில் வானமும் வெறிச்சென்று இருக்கும். ஏரி நிரம்பிய வருஷத்தில் முதல் நாரை வந்து இறங்கும். மொட்டை மாடியில் வடாம் உலர்த்தப் போகும்போது நீங்களும் சற்று அண்ணாந்து பாருங்கள். தெற்கே போகும் விருந்தாளிகள் உங்கள் வீட்டுக்கு மேலாகவும் போகலாம்.