கடன் எடுத்துப் புதுக் கணனி வாங்கும் முன்...

எங்கள் பனிச்சங்கேணியில் மடிக்கணனி உள்ள வீடுகள் குறைவு. உள்ள வீடுகளிலும் அது பெரும்பாலும் எட்டு, பத்து வருடப் பழசு. கட்டாரில் இருந்து வந்த மகன் கொண்டு வந்தது, மட்டக்களப்பில் இருக்கும் சித்தி பாவித்துவிட்டுத் தந்தது, ஏதோ ஒரு திட்டம் முடிந்த கையோடு சங்கத்துக்கு விட்டுச் சென்றது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை உண்டு. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டு வகுப்புகள் சூமுக்கு மாறியபோதுதான் அலுமாரிக்குள் கிடந்த பல கணனிகள் வெளியே வந்தன. அன்று ஆறாம் வகுப்பில் இருந்த பிள்ளைகள் இன்று உயர்தரம் படிக்கிறார்கள். கணனிகளோ கிழடு தட்டிவிட்டன.

எங்கள் மாதர் சங்கத்தின் கணக்குகளைக் கணனியில் பதிகிறவள் நான். அதனால், "கணனி சுத்திட்டே இருக்கு, திறக்குதில்ல. புதுசு ஒண்டு எடுக்கத்தான் வேணும்போல" என்று சொல்லிக்கொண்டு வருகிற தாய்மாரை அடிக்கடி சந்திக்கிறேன். புதுசு எடுப்பது என்றால் எப்படி? தவணைக்கடன், அல்லது காதில் கழுத்தில் இருப்பதை ஈடு வைப்பது. 2022 மார்ச்சில் ரூபாவை மிதக்க விட்ட பிறகு ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் இரண்டே மாதத்தில் 360 ரூபா அளவுக்கு ஏறியது நினைவிருக்கும். நாங்கள் பாவிக்கும் கணனிகளும் அவற்றின் பாகங்களும் வெளியில் இருந்து வருபவை. அன்று ஏறிய விலை பழைய இடத்துக்கு இறங்கவே இல்லை. நுண்கடன் எங்கள் பெண்களை என்ன பாடு படுத்தியது என்று நான் சொல்லத் தேவையில்லை. 2018இல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசே அறிவிக்கும் அளவுக்கு நிலைமை போயிருந்தது.

ஆகவே சகோதரிகளே, கடன் பத்திரத்தில் கையொப்பம் வைக்கும் முன் இரண்டு பின்னேரங்களைப் பழைய கணனிக்குக் கொடுத்துப் பாருங்கள் என்பதே என் வேண்டுகோள். மெதுவான கணனி எல்லாம் செத்த கணனி அல்ல.

எங்கே அடைத்திருக்கிறது?

கணனியை ஒரு குசினியாக நினைத்துக்கொள்ளுங்கள். சமைக்கிறவர் புரொசெசர். காய் வெட்டிப் பரப்பி வைக்கும் மேசை, ரேம் என்னும் நினைவகம். சாமான்கள் அடுக்கியிருக்கும் அலுமாரி, ஹார்ட் டிஸ்க் என்னும் வன்தட்டு. மேசை சிறிதாக இருந்தால் ஒவ்வொரு சாமானுக்கும் அலுமாரிக்கு ஓட வேண்டும். அலுமாரியே நிரம்பி வழிந்தால் எதையும் எடுக்கவும் முடியாது, வைக்கவும் முடியாது. சமைக்கிறவர் எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தும் பயனில்லை.

உங்கள் கணனியில் அடைத்திருப்பது மேசையா அலுமாரியா என்று பார்க்க ஒரு வழி உண்டு. கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மனேஜர் திறக்கும். அதில் சி.பி.யு., மெமரி, டிஸ்க் என்ற தலைப்புகளுக்கு மேலே நூற்றுவீதம் காட்டும். நீங்கள் ஒன்றுமே செய்யாமல் இருக்கும்போதும் டிஸ்க் 100 வீதத்தில் நின்றால் வன்தட்டுத்தான் திணறுகிறது. மெமரி 90ஐத் தாண்டி நின்றால் நினைவகம் போதவில்லை. இதைப் பார்க்காமல் கடைக்குக் கொண்டுபோனால் கடைக்காரர் சொல்வதுதான் வேதவாக்கு.

வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகளுக்காக ஒரு மாமி சங்கிலியை ஈடு வைக்கத் தயாராக இருந்தார். ஒப்படைகளை இணையத்தில் ஏற்றும் கடைசி நாள் நெருங்க நெருங்க அந்தப் பிள்ளைக்கு அழுகையே வந்துவிடும். அவர்கள் வீட்டுக் கணனியை நான் திறந்து பார்த்தேன். போட்டதில் இருந்து வேலை தொடங்க ஒன்பது நிமிடம் எடுத்தது. டிஸ்க் 100 வீதம். 500 ஜி.பி. வன்தட்டில் மிச்சம் இருந்த இடம் வெறும் 11 ஜி.பி.

அழைக்காமல் வரும் விருந்தாளிகள்

அதே டாஸ்க் மனேஜரில் ஸ்டார்ட்அப் என்று ஒரு பக்கம் உண்டு. கணனி எழும்பும்போது கூடவே எழும்பும் மென்பொருள்களின் பட்டியல் அது. மாமியின் கணனியில் பதினான்கு இருந்தன. 2020 வகுப்புகளுக்குப் போட்ட சூம், டீம்ஸ், யாரோ போட்ட பாட்டுப் பெட்டி, இனி இல்லாத பிரின்டர் ஒன்றின் மென்பொருள். வேடிக்கை என்னவென்றால் ஸ்கைப்பும் அதில் இருந்தது. ஸ்கைப் சேவை 2025 மே மாதத்திலேயே மூடப்பட்டுவிட்டது! தேவையில்லாததன் மேல் வலது பொத்தானை அழுத்தி டிசேபிள் கொடுத்தால் போதும். மென்பொருள் அழியாது, தானாக எழும்பாது, அவ்வளவுதான். வைரஸ் காவலை மட்டும் நிறுத்தாதீர்கள். ஆனால் இரண்டு வைரஸ் காவல் இருந்தால் ஒன்றை நீக்குங்கள். விண்டோஸ் 10இல் டிஃபென்டர் கூடவே வருகிறது.

இன்னொரு சின்ன விடயம். இரவில் ஷட் டவுன் கொடுத்துவிட்டால் கணனி முழுதாக ஓய்ந்துவிடும் என்று நினைக்கிறோம். விண்டோஸ் 8இல் இருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று வந்தது. அது இயங்கினால், ஷட் டவுன் செய்யும்போது அமைப்பின் ஒரு பகுதியை அப்படியே வன்தட்டில் எழுதி வைத்து மறுநாள் திரும்ப எடுக்கும். முழுதாகப் புதிதாகத் தொடங்க வேண்டுமானால் ரீஸ்டார்ட் கொடுக்க வேண்டும். வாரத்தில் ஒரு நாளாவது கொடுங்கள்.

அழிக்கப் பயம்

பட்டியலை அடக்குவது லேசு. அலுமாரியைத் துப்புரவாக்குவதுதான் எங்கள் ஊரில் கஷ்டம். காரணம் சோம்பல் அல்ல. 2004 டிசெம்பர் 26இல் கடல் வந்து போனபோது பிறப்புச் சான்றிதழ், காணிப் பத்திரம், கலியாணப் படம் எல்லாவற்றையும் இழந்தவர்கள் நாங்கள். தேடிச் சேர்த்த மிச்சத்தையும் 2006இன் இறுதியில் வாகரைப் பக்கத்தை விட்டு இடம்பெயர்ந்தபோது தூக்கிக்கொண்டு ஓட முடியவில்லை. அப்படிப்பட்ட ஒருவரிடம் போய், "இதை அழிக்கட்டா?" என்று கேட்டால் என்ன சொல்வார்? "வேற என்னவும் செய் புள்ள, அழிக்க மட்டும் வேணாம்" என்றார் மாமி. அந்தக் கணனியில்தான் அவர் கணவரின் ஒரே படம் இருந்தது. யாரோ உறவினர் வீட்டில் கிடைத்த குழுப்படத்தில் இருந்து வெட்டி எடுத்தது.

ஆகவே முதல் வேலை அழிப்பதல்ல, பிரதி எடுப்பது. படங்களையும் பத்திரங்களையும் பென் டிரைவ் இரண்டில் தனித்தனியாக ஏற்றினோம். வேறொரு கணனியில் போட்டு, திறக்கிறதா என்று மாமியின் கண்முன்னாலேயே பார்த்தோம். அதற்குப் பிறகுதான் அவர் முகம் தெளிந்தது. பிறகு பார்த்தால், கைத்தொலைபேசியில் இருந்து ஒவ்வொரு முறையும் முழுதாக ஏற்றியதில் ஒரே படம் ஆறு இடங்களில் இருக்கிறது. மருமகளின் கலியாண வீடியோ மட்டும் 30 ஜி.பி. அதை வெளியே மாற்றினோம். தம்பி இறக்கிய சினிமாப் படங்கள் போயின. டவுன்லோட்ஸ் கோப்புறையும் ரீசைக்கிள் பின்னும் வெறுமையாயின. ஸ்டார்ட் பட்டியலில் டிஸ்க் கிளீனப் என்று தட்டினால் பழைய தற்காலிகக் கோப்புகளையும் அதுவே துடைக்கும். அதன் பட்டியலில் டவுன்லோட்ஸ் இருந்தால், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு மட்டும் தெரிவு செய்யுங்கள். விண்டோஸ், புரோகிராம் ஃபைல்ஸ் என்ற கோப்புறைகளுக்குள் கை வைக்க வேண்டாம். வன்தட்டில் ஐந்தில் ஒரு பங்காவது காலியாக இருப்பது நல்லது.

எழுத்துருக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது தமிழ் தட்டெழுதும் எங்களுக்கே உரிய தொல்லை. கொமினிகேசன் கடைகளில் "தமிழ் எழுத்துப் போட்டுத் தாங்க" என்று கேட்டால் நூற்றுக்கணக்கில் எழுத்துருக்களைக் கொட்டி விடுகிறார்கள். எழுத்துரு மலிந்தால் வேர்ட் திறக்கவும் சுணங்கலாம். பழைய அறிக்கைகளுக்குப் பாமினி தேவை, அதை வைத்துக்கொள்ளுங்கள். யூனிகோட் எழுத்துரு விண்டோஸுடனேயே வருகிறது. கடையில் கொட்டிய மிச்சத்தில் உங்களுக்குத் தெரியாத பெயர்களை நீக்கலாம்.

"உங்கள் கணனியை 300 வீதம் வேகமாக்குவோம்" என்று திரையில் பாய்ந்து வரும் விளம்பர மென்பொருள்களை நம்பவே வேண்டாம். அவை பெரும்பாலும் அந்தப் பதினான்கோடு பதினைந்தாவதாகச் சேர்ந்து உட்கார்ந்துகொள்ளும்.

தூசு, சூடு, உப்புக்காற்று

வாவிக்கும் கடலுக்கும் இடையில் இருக்கிற எங்களுக்கு உப்புக்காற்று புதிதல்ல. சைக்கிள் செயினைத் தின்கிற அதே காற்றுத்தான் கணனியின் விசிறிக்குள்ளும் போகிறது. அதோடு மணலும் தூசும். உள்ளே சூடு ஏறினால் புரொசெசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துவிடும். மெத்தையிலும் மடியில் தலையணைக்கு மேலும் வைத்து வேலை செய்தால் அடியில் உள்ள காற்றுத் துளை அடைபடும். பலகை ஒன்றின் மேல் வையுங்கள். பாவிக்காத நேரம் மூடிப் பையில் போடுங்கள். விசிறியைத் துப்புரவாக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள், இது பெரிய செலவில்லை.

2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த காலத்தில் பலர் பெட்டரி சேவரைப் போட்டு வைத்தார்கள். சிலர் பவர் மோடையும் சேமிப்பு நிலைக்கு மாற்றி, இன்று வரை அப்படியே விட்டிருக்கிறார்கள். மின்சாரம் இருக்கும்போது அதை மாற்றிவிடுங்கள்.

இதையெல்லாம் செய்து முடிய மாமியின் கணனி நான்கு நிமிடத்தில் எழும்பியது. நல்லதுதான், ஆனால் போதாது.

காசு செலவழிப்பதானால் எங்கே?

வன்தட்டு என்பது இசைத்தட்டுப் போலச் சுழலும் தட்டு. ஐ.பி.எம். நிறுவனம் 1956இல் வெளியிட்ட முதல் வன்தட்டில் ஐம்பது தட்டுகள் இருந்தன. அத்தனையும் சேர்ந்து கொண்டது ஏறத்தாழ 5 எம்.பி., இன்றைய தொலைபேசிப் படம் ஒன்றின் அளவு. அளவு எவ்வளவோ சுருங்கியும் சுழல்வது மட்டும் மாறவில்லை. பழைய மடிக்கணனிகளில் அது நிமிடத்துக்கு 5,400 தடவை சுழலும். ஊசி ஒவ்வொரு கோப்புக்கும் ஓடி ஓடித் தேட வேண்டும். எஸ்.எஸ்.டி. என்பதில் சுழலும் பாகமே இல்லை, எல்லாம் சில்லுகள். வன்தட்டுக்குப் பதிலாக அதைப் போடுவதுதான் பழைய கணனிக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி. டிஸ்க் 100 வீதம் காட்டும் கணனிகளுக்கு நான் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். மாமிக்கு, கூலியும் சேர்த்து, கடையில் சொன்ன புதுக் கணனியின் விலையில் பத்தில் ஒரு பங்களவே முடிந்தது. இப்போது நாற்பது செக்கனுக்குள் எழும்புகிறது. சங்கிலி கழுத்தில் இருக்கிறது.

நினைவகம் போதாத கணனிக்கு 4 ஜி.பி.யை 8 ஆக்கலாம். ஆனால் டி.டி.ஆர். 3, டி.டி.ஆர். 4 என்று வகை உண்டு, ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தாது. சில மெல்லிய கணனிகளில் நினைவகம் பற்றவைத்தே வரும், மாற்ற முடியாது. வாங்குவதற்கு முன் வாழைச்சேனையிலோ மட்டக்களப்பிலோ திறந்து பார்க்கச் சொல்லுங்கள். திறக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள்.

விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தன. மேலதிகத் திட்டத்தில் பதிந்த வீட்டுப் பாவனையாளருக்கு அது 2026 ஒக்டோபர் வரை. பழைய கணனிகள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. அதைக் காட்டியும் "புதுசு வாங்குங்க" என்பார்கள். லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளங்கள் இருக்கின்றன. பென் டிரைவில் போட்டு, உள்ளே இருப்பதைத் தொடாமலே ஓட்டிப் பார்க்கலாம். தமிழும் எழுதலாம். பல்கலைக்கழக ஒப்படைகளை வேர்ட் வடிவில் கேட்பதால் மாமியின் மகளுக்கு நான் இதைச் சொல்லவில்லை. எங்கள் சங்கக் கணனியில் ஒரு வருடமாக அதுதான் ஓடுகிறது.

கடைசியாக, எஸ்.எஸ்.டி. போட்டபின் கழற்றிய பழைய வன்தட்டைக் கடையில் விட்டு வராதீர்கள். உங்கள் படங்களும் பத்திரங்களும் அதற்குள்தான் இருக்கின்றன. யு.எஸ்.பி. உறை ஒன்றை வாங்கி அதற்குள் போட்டால், நல்ல நிலையில் இருக்கும் வன்தட்டு பிரதிகள் வைக்கும் பெட்டியாகப் பல காலம் உதவும். பெயரும் திகதியும் எழுதி ஒட்டி, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, அரிசிப் பானைக்குப் பக்கத்தில் அல்ல, வெள்ளம் வராத வேறொரு உறவினர் வீட்டில் வையுங்கள். மாமியினுடையது வாழைச்சேனையில் அவருடைய அக்கா வீட்டு அலுமாரியில் இருக்கிறது.