மடிக்கணினியில் இடம் எங்கே போயிற்று?

தோழியரே, 2011இல் தமிழக அரசு மாணவ மாணவியர்க்கு மடிக்கணினி வழங்கத் தொடங்கியபின் அது நம் வீடுகளில் புழங்கும் பொருளாயிற்று. "சில படங்கள்தாமே வைத்தேன், அதற்குள் வட்டு நிறைந்துவிட்டதே!" என்பார் பலர். பல வேளைகளில் இடத்தை அடைப்பவை காப்பு நகல்களே.

விண்டோஸ் 10, பெரிய புதுப்பிப்புக்குப்பின், பழைய அமைப்பை 'விண்டோஸ்.ஓல்டு' என்னும் கோப்புறையில் 10 நாள் வைத்திருக்கும். பல ஜிகாபைட் பிடிக்கும். அவசரமானால் 'டிஸ்க் கிளீனப்' வழியே நீக்கலாம். பிறகு பழையதற்குத் திரும்ப இயலாது.

குடும்பப் படங்களின் நகல் வேறு. சுரங்கத்தில் மேல்மண்ணை அகற்றுகிறோம். அதனோடு நிலக்கரியையும் கொட்டுவோமா? அசலும் நகலும் ஒரே வட்டில் இருப்பின், வட்டு பழுதானால் இரண்டும் போகும். ஆகவே முதலில் வெளிவட்டு ஒன்றில் படியெடுத்து, நாலைந்து படங்களையேனும் அங்கே திறந்து பாருங்கள். பிறகு மடிக்கணினியிலுள்ள நகலை நீக்குங்கள்.